துரும்பும் ஆசுபத்திரியும்

1957 பிப்ரவரி 11, திங்கள்

பால்சாமியின் வேட்புமனு ஏற்கப்பட்டது. பெரியகுளம் தேர்தல் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்ததை நானே வாசித்தேன். சுயேச்சை. குடைச் சின்னம்.

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வெகுகாலம் கம்பவுண்டராக இருந்தவர். கேட்பது ஒன்றுதான்: போடிமெட்டில் ஒரு பிரசவ ஆசுபத்திரி. போன ஐப்பசி மழையில், காய் பறிக்கும் செல்லக்கிளிக்கு வலி கண்டு, கம்பளியில் தூளி கட்டிக் கீழே இறக்கினார்கள். மலைப்பாதையில் பாதி வளைவு தாண்டவில்லை. தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. தூளியோடு நடந்து வந்தவள் பால்சாமியின் மனைவி சுருளியம்மாள். இப்போது தோட்டத்துப் பெண்களிடம் ஓட்டுக் கேட்பதும் அவள்தான்.

இவ்வளவையும் எழுதி, சாயங்கால ரயிலில் மதுரையில் எங்கள் பத்திரிகை ஆபீசுக்குக் கவர் அனுப்பினேன்.

பிப்ரவரி 14, வியாழன்

பத்திரிகையில் வரவில்லை.

பிப்ரவரி 16, சனி

நேற்று எதிர்த்தரப்புக் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம்: "அடுத்தவன் பெண்டாட்டியை வீட்டில் வைத்திருப்பவருக்கா உங்கள் ஓட்டு?" இன்று போட்டிப் பத்திரிகையில் அதே கேள்வி, பெயர் போடாமல். மத்தியானம் எங்கள் ஆபீசிலிருந்து தந்தி: பால்சாமி குடும்ப விவகாரம் உடனே அனுப்பவும்.

என்ன விவகாரம்? சுருளியம்மாளை முதலில் ராசிங்காபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒத்துவரவில்லை. இந்தப் பக்கத்து வழக்கப்படி ஊர்கூட்டி, புருஷன் ஒரு துரும்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதோடு அந்தக் கல்யாணம் தீர்ந்தது. அப்புறம் அவள் பால்சாமியைக் கட்டிக்கொண்டாள். இங்கே பல வீடுகளில் நடந்ததுதான். யாரும் குறைவாக நினைத்ததில்லை. மதுரை மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் டீக்கடையில் சிரிப்பவர்களுக்குத் தெரியுமே. தெரிந்தும்தான் சிரிக்கிறார்கள்.

"துரும்பு கொடுத்ததை யாரு பாத்தது?" என்பது இப்போது கேள்வி. துரும்புக்கு ஏது ரசீது? கொடுத்தவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

பிப்ரவரி 18, திங்கள்

ராசிங்காபுரம் போனேன். துரும்பு கொடுத்த காசிமாயன் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"நாந்தான் கொடுத்தேன். மந்தையில, ஊரே பாக்கக் கொடுத்தேன். நல்லவதான்ணே, எங்களுக்கு ஒத்து வரல, அம்புட்டுத்தான். இப்ப மேடையில ஏறி 'கொடுக்கவே இல்ல'ன்னு சொல்லுன்னு ஆள் மேல ஆள் வர்றாக. நான் போவனா?"

வரப்பில் கஞ்சிக் கலயத்தோடு நின்ற அவருடைய இப்போதைய மனைவி பேச்சி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இம்புட்டு வருசம் கழிச்சு மொத பெண்டாட்டிய விசாரிக்க வந்துட்டாக. கஞ்சிய அங்கிட்டே போயி குடிக்கச் சொல்லுங்க."

"என் பேரப் போட்டுறாதீங்கண்ணே" என்றார் காசிமாயன்.

போடவில்லை. முதல் கணவரே உறுதி செய்தார் என்று மட்டும் எழுதினேன். இடம் போதாவிட்டால் ஆபீசில் கீழிருந்துதான் வெட்டுவார்கள். அதனால் ஆசுபத்திரியை மேலே வைத்தேன். துரும்பைக் கடைசியில்.

பிப்ரவரி 20, புதன்

மேலே இருந்ததை வெட்டிவிட்டார்கள்.

"வேட்பாளர் மனைவியின் முதல் கணவர் ராசிங்காபுரத்தில் வசிக்கிறார்!" — பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே இருப்பது அத்தனையும் என் வாக்கியங்கள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆசுபத்திரி இல்லை. என்ன எழவுக்கு நான் அங்கிட்டுப் போனேன்?

பிப்ரவரி 22, வெள்ளி

பால்சாமி பேசும்போது யாரோ ஒரு கை வைக்கோலை மேடைமேல் எறிந்தார்கள். அவர் ஆசுபத்திரி என்று சொல்லும்போதெல்லாம் கூட்டம் "துரும்பு, துரும்பு" என்றது.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்க எழுதுனது நெசந்தான். எழுதாம இருந்திருக்கலாம்."

எழுதாமலிருந்தால் பொய் நிற்கும். எழுதினால் மெய்யே அந்தப் பொய்க்குத் தீனியாகிறது. முன்னே போனால் முட்டுகிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. நான் எங்கே நிற்க?

பிப்ரவரி 23, சனி

சுருளியம்மாள் இன்று மலைக்குப் போகவில்லை. பால்சாமி விடவில்லை.

பிப்ரவரி 27, புதன்

சந்தைத் திடலில் கூட்டம். பால்சாமிக்கு இத்தனை பேர் கூடி நான் பார்த்ததில்லை. அவரைப் பார்க்க வரவில்லை. அவர் மனைவி வந்தாலும் வருவாள் என்று பேச்சு.

வந்தாள். புருஷனைக் கேட்கவில்லை போலும். அவர் முகத்தில் தெரிந்தது. மைக் முன்னால் நின்றாள்.

"பாத்துக்கிட்டீகளா? நல்லாப் பாத்துக்கங்க. துரும்பு வாங்குனவதான் நான். முடிஞ்சுதா? இப்பச் செல்லக்கிளியப் பத்திப் பேசலாமா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அடுத்த துரும்பு எப்ப ஆத்தா?"

"ஒன் பெண்டாட்டியப் போயிக் கேளு அப்பு. நீ எப்பக் கொடுப்பேன்னு கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா."

அடங்கவே நேரமாயிற்று அந்தச் சிரிப்பு. அடங்கியபின் அவள் தூளியைச் சொன்னாள். தூக்கியவர்கள் கால் வழுக்கியது. செல்லக்கிளி தண்ணீர் கேட்டாள். மழை அத்தனை பெய்தும் வாயில் விட ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லை. அப்புறம் அவள் கேட்கவில்லை.

அவள் பேச்சை மட்டும் எழுதி அனுப்பினேன். இதை எப்படி வெட்டுவார்கள்?

மார்ச் 1, வெள்ளி

"துரும்பு வாங்கியவள்தான்: மேடையில் வேட்பாளர் மனைவி ஒப்புதல்."

தபாலாபீசிலிருந்து ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். செல்லக்கிளி எங்கே என்று கேட்டேன். உதவி ஆசிரியர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அவங்க தேர்தல்ல நிக்கலையே சார்."

வேலையை விட்டுவிடலாம். விட்டால் என் இடத்துக்கு வருகிறவர் ராசிங்காபுரம் வரைகூடப் போகமாட்டார். விடாவிட்டால், நான் அனுப்புவதெல்லாம் இப்படித்தான் வரும்.

மார்ச் 6, புதன்

வாக்குப்பதிவு. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி. தோட்டத்துப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினார்கள். "குடைப் பெட்டி எங்கிட்டு இருக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

பால்சாமி தோற்றார். மூன்றாவது இடம். தேர்தல் அதிகாரியே வாசித்தார்.

மார்ச் 29, வெள்ளி

காலையில் சுருளியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். தோட்டத்துப் பெண்கள் சிலரோடு ரயிலேறி மதுரைக்குப் போய்க் கலெக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவர் எழுந்து நின்று கேட்டாராம். போடிமெட்டில் இடம் பார்க்கச் சுகாதார அதிகாரியை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் பேனாவை எடுத்தேன்.

"வேணாம்ணே, எழுதிறாதீக. எழுதுனா ஆசுபத்திரி போயிரும், நான் மட்டும் நிப்பேன்."

பேனாவை மூடி வைத்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து, கையில் கிடைத்த செய்தியை அனுப்பாமல் விடுவது இதுதான் முதல்.

சாயங்காலம் ஆபீஸ் தந்தி: சுருளியம்மாள் பற்றிப் புதிய செய்தி உண்டா?

இல்லை என்று பதில் தந்தி கொடுத்தேன்.

சுகாதார அதிகாரி இன்னும் வரவில்லை. ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல், சொன்னவள் சுருளியம்மாள்.