மிகையான வாக்கியம்

நாவற்குடா,
மட்டக்களப்பு.
12.06.2025

அன்புள்ள மகன் ஷிஹானுக்கு,

கத்தார் வெயிலில் நீர் தேக சுகத்துடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். மின்னஞ்சல்தான் என்றாலும் எனக்குக் கடிதமாகத்தான் எழுத வரும். உம்முடைய உம்மா இப்போது நலமாக இருக்கிறார். அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசியும்.

செவ்வாய்க்கிழமை உமக்குக் கடுமையாக ஒரு முறைப்பாடு எழுதினேன். மருந்து நேரத்தை நினைவூட்டும் நம்முடைய ‘வேளை’ செயலியின் தமிழ்க் கையேட்டில் மருந்தின் அளவை மாற்றும் பக்கம் ஆபத்தானது, புதிய அளவைச் சேர்க்கச் சொல்கிறது, பழையதை நீக்கச் சொல்லவில்லை, போன் இரண்டுக்கும் மணியடிக்கும் என்று எழுதியிருந்தேன். இலவச மென்பொருள் என்றால் கண்டவர்களும் கையேடு எழுதலாமா என்றும் கேட்டிருந்தேன்.

நீர் இரண்டே வரியில் பதில் போட்டீர். பக்கத்தைத் திருத்திவிட்டேன் அன்ரி, கடைசியாக அதை மாற்றியது நீங்கள்தான். நீங்கள் சுகமாக இருக்கிறீங்களா?

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரோ என் கடவுச்சொல்லைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். உம்மையும் சந்தேகித்தேன், மன்னியும். பிறகு அந்தப் பக்கத்தின் மாற்ற வரலாற்றைத் திறந்தேன். மார்ச் மூன்றாம் தேதி, காலை 6.10. ‘பழைய அளவை முதலில் நீக்குங்கள்’ என்ற வரி, போன வருடம் நான் எழுதியது, சிவப்பில் நீக்கப்பட்டுக் கிடந்தது. காரணம் கேட்கும் இடத்தில், ‘மிகையான வாக்கியம் நீக்கப்பட்டது. தெய்வமணி கனகசூரியம்.’ கையளிக்கும் தாளின் அடியில் முழுப் பெயர் எழுதி முற்றுப்புள்ளி வைக்கக் கன்னியர் மடத்துப் பள்ளிச் சிஸ்டர்மார் பழக்கியிருந்தார்கள். உங்கள் திட்டத்தில் வேறு யாரும் அப்படி எழுதுவதில்லை.

அந்தக் காலை எனக்கு ஞாபகமில்லை, மகன். கொஞ்சமும் இல்லை.

உம்முடைய உம்மாவுக்குப் பிரஷர் குளிசையைப் போன மாதம் டொக்டர் பாதியாகக் குறைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேற்றுக் காலை பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். உம்முடைய உம்மா ஆமினா என்னைக் கண்டதும், என்ன டீச்சரம்மா, பரீட்சை வைக்கவா வந்த என்று சிரித்தார். நான் டீச்சரல்ல, கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் விடுவதில்லை. பேத்தி நஸ்ஹா கையேட்டைப் பார்த்துத்தான் புதிய அளவைப் போட்டிருக்கிறாள். போன் காலையில் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறது. கூப்பிட்டால் போடத்தானே வேணும் என்று நான்கு நாள் இரண்டையும் போட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதன் பிறகு, இந்தப் போனுக்கு விசர் பிடிச்சிட்டு என்று சொல்லி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மகனுக்குச் சொல்லாதீங்க, அவன் பயந்திருவான் என்றார். இதோ, நான் உமக்குச் சொல்லிவிட்டேன். உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் சரியாக இருக்கிறது. பழைய அளவை நஸ்ஹா என் கண்முன்னே நீக்கினாள்.

சுவர் இல்லாத இடத்தில் தலை சுற்றியிருந்தால் என்ற நினைப்போடுதான் திரும்பி வந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்து அளவை மாற்றிய மற்றவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. செயலியைத் திறந்ததும் அவர்கள் கண்ணில் படும்படி ஓர் அறிவித்தல் போடும். இன்றே போடும்.

மகள் மேனுகா ஞாயிறுதோறும் கனடாவிலிருந்து போன் எடுத்து, காஸை நிற்பாட்டினீங்களா அம்மா என்று கேட்பாள். எனக்கு ரோசம் வரும். இந்த ஞாயிறு அவளிடம் நானே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

உம்மிடம் கேட்பது இதுதான். கையேட்டில் நான் நேரே மாற்றம் செய்யும் அனுமதியை எடுத்துவிடும். ஆனால் என்னை நிறுத்திவிடாதேயும். பக்கங்களை அனுப்பும். குறைகளைச் சுட்டி எழுதுகிறேன், நஸ்ஹாவோ வேறு யாருமோ சரிபார்த்த பிறகு வெளியிடும். மார்ச் மாதத்திலிருந்து நான் தொட்ட ஒவ்வொரு வரியையும் திரும்பப் பாரும். எனக்கு அதைப் பார்க்கத் துணிவில்லை.

இன்னொன்று. இதே கடிதத்தை நான் மறுபடியும் உமக்கு எழுதினால், இது இரண்டாவது என்று எனக்குச் சொல்ல வேண்டும். மரியாதைக்காக மறைக்க வேண்டாம்.

உமக்கும் உம்மாவுக்கும் ஆண்டவன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தெய்வமணி கனகசூரியம்.