தகவலாளி 7

ஆக. 3, ஞாயிறு. தி.வனம்.

வெயில். ஆடி முடியப் போகிறது, காற்றைக் காணோம். துணி துவைத்தாயிற்று. மாவு அரைக்கவில்லை. ஆய்வேட்டில் இயல் நான்கு பாதியில் நிற்கிறது.

நெறி. போன். (நெறியாளர் என்று முழுதாக எழுத இனி முடியாது, கை வலிக்கிறது.) "சுருக்கத்துல பதினஞ்சு ஒலிப்பதிவுன்னு போட்டுட்டு பதினாலு குடுத்தா எப்படிம்மா? அந்த ஆளைப் புடிச்சு இன்னொண்ணு வாங்கு."

அந்த ஆள் ஏழுமலை. குயிலாப்பாளையத்து டாக்ஸி டிரைவர், முப்பத்து நான்கு வயது. ஆய்வேட்டில் தகவலாளி 7. என் ஆய்வுத் தலைப்பைக் கேட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விடுவாள்: பண்பாட்டுச் சுற்றுலா வழியாக இந்தோனேசிய மொழி கற்பித்தல். ஆரோவில் பக்கம் அந்த நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச டிரைவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, எப்படிக் கற்கிறார்கள் என்று எழுதுவது. பதினோரு பேரோடு ஆரம்பித்தேன். நாலாவது ஞாயிறு பத்துப் பேரைக் காணோம். மிஞ்சியது 7.

ஏப்ரலில் அவரும் கிளம்பிவிட்டார். இந்தோனேசியாவிலேயே டூர் கம்பெனியில் டிரைவர் வேலை என்று ஓர் ஏஜெண்டு. மொழி தெரியும் என்று சான்றிதழ் வேண்டும் என்றான். நானே தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டேன். பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அங்கே போயும் பாடத்தை விடவில்லை. ஞாயிறுதோறும் நான் தலைப்பு அனுப்புவேன். அவர் இரண்டு நிமிடம் அந்த மொழியில் பேசி வாட்ஸப்பில் அனுப்புவார். நான் மதிப்பெண் போட்டு அனுப்புவேன். பதினாலு வந்தது. இன்றோடு மூன்று ஞாயிறு ஒன்றும் இல்லை. சரியான பேஜாரு. வசதி வந்ததும் பாடம் கசந்துவிட்டது போல.

ஆக. 5, செவ்வாய். மயிலம்.

இரண்டு வகுப்பு. மதிய வகுப்பில் பாதி தூக்கம். கௌரவ விரிவுரையாளருக்கு ஃபேன் இல்லாத அறைதான் எப்போதும்.

மூன்று மணிக்கு அலுவலக வாசலில் ஒரு பெண். ஏழுமலையின் மனைவி அம்சா. ஆரோவில் விருந்தினர் விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"மேடம், அவுரு உங்களுக்கு வாராவாரம் பேசிக்கினு இருந்தாராமே. எனக்கே பத்து நாளைக்கு ஒரு தபாதான். இப்ப மூணு வாரமா எதுவும் இல்ல. போன் போட்டா போவல."

எனக்கும் மூன்று வாரமாக இல்லை என்றேன். அவளிடம் என்னதான் பேசுவார் என்று கேட்டேன்.

"நல்லாகீறேன், வேல ஜாஸ்தி. அவ்ளோதான். ஸ்பீக்கர்ல போட்டுதான் பேசணுமாம். அங்க மேஸ்திரி ஒர்த்தன், தமிழ் ஆளு. கூடவே நின்னுக்கினு இருமுவான். போதும் வையின்னுவான்." பையைக் கை மாற்றிக்கொண்டு, "உங்ககிட்ட பாடம் படிக்கிறத மட்டும் அந்தாளு ஒண்ணும் சொல்ல மாட்டானாம். உங்ககிட்ட இன்னா சொன்னாரு மேடம்?"

"பாடம்தான்மா. கோயில், சாப்பாடு, விடுதி." மனதறிந்து பொய் இல்லை.

வேக வைத்த மல்லாட்டை (வேர்க்கடலை) ஒரு பை கொடுத்துவிட்டுப் போனாள். பஸ்ஸிலேயே தின்று முடித்தேன்.

ஆக. 6, புதன்.

விடுப்பு. காரணம்: தலைவலி. காலை ஒன்பதுக்குப் பதிவுகளைப் போட்டேன். பேனா எடுக்கவில்லை, மதிப்பெண் தாளையும் தொடவில்லை. சும்மா கேட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அவள் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

1 முதல் 4 வரை ஒன்றும் இல்லை. விமான நிலையம், கடற்கரை, சிரிப்பு.

5. தலைப்பு: போக்குவரத்து. அவர்: "இரண்டு இரவு படகில் போனோம். இங்கே பஸ் இல்லை, கார் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. நான் வண்டி ஓட்டவில்லை." என் குறிப்பு: போக்குவரத்துச் சொற்கள் நன்று. 8.

8. தலைப்பு: தங்குமிடம். அவர்: "ஒரே அறையில் பன்னிரண்டு பேர். ஜன்னலில் கம்பி. கதவை வெளியே பூட்டுகிறார்கள்." குறிப்பு: தெளிவான வாக்கியங்கள். 8½.

9. தலைப்பு: கோயில். அவர்: "இங்கே கோயில் இல்லை. வெளியே போக விடுவதில்லை. நேற்று ஒருவனை அடித்தார்கள். இபு, கேட்கிறீர்களா?" இபு என்றால் அந்த மொழியில் அம்மா, டீச்சருக்கும் அதுதான். குறிப்பு: வினா வாக்கியம் சரி. தலைப்பிலிருந்து விலகல். மீண்டும் பதிவு செய்க. 3.

அன்று மாலையே மீண்டும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். "கோயில் அழகானது. மக்கள் அன்பானவர்கள். திருவிழாவில் நடனம் உண்டு." நான் வகுப்பில் உருப்போட வைத்த வாக்கியங்கள். 9 போட்டிருக்கிறேன்.

14. தலைப்பு: உணவு. "இன்று சோறு இல்லை. நேற்றும் இல்லை." அதற்கு 7.

எல்லாமே புரிந்தது. அன்றைக்கும் புரிந்தது. அதுதான் எழுதவே கூசுகிறது. பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை ஒரு காதில் கேட்டு, மயிலம் வருவதற்குள் மதிப்பெண் போட்டு முடிப்பேன். எப்படிச் சொல்கிறார் என்று மட்டும் பார்த்தேன். என்ன சொல்கிறார் என்பதற்குத் தாளில் கட்டமே இல்லை. உச்சரிப்பு, சொல், வாக்கியம், தலைப்பு. நான் போட்ட கட்டங்கள்தான்.

இவருக்கு (வீட்டுக்காரருக்கு) அப்போது இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஃபேக்டரி வேலை. ஆறு வருடம் அங்கே இருந்தபோது சந்தையில் காய்க்காரியிடம் கற்ற மொழி இது. அவள் குரல் கம்மினால் என்னம்மா ஆச்சு என்று கேட்பேன். அப்போது எனக்கு இலக்கணம் தெரியாது.

சாப்பிடவில்லை.

ஆக. 7, வியாழன்.

செய்தவை:
ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.
ஏஜெண்டு நம்பர், நாலு தடவை. அணைத்து வைத்திருக்கிறான்.
ஏழுமலை நம்பர். போகவில்லை.
நெறி.யிடம் எல்லாம் சொன்னேன்.

நெறி.: "அவசரப்படாத. அந்தாளு பேரு ஆய்வேட்டுல எங்கயும் இல்ல, தகவலாளி ஏழுதானே. பதினாலே போதும்னு நான் பாத்துக்கறேன். பேச்சுப் பயிற்சிக்குக் கதை வுட்டிருப்பான்." ஞாயிறன்று பதினைந்து வேண்டும். இன்று பதினாலு போதும்.

இவர்: "சர்டிபிகேட்ல உன் கையெழுத்து. நீயே போயி வாயக் குடுத்தா பழி உன் தலையிலதான்." தப்பாகச் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் வந்தது. சொம்பை வைத்த வேகத்தில் நசுங்கிவிட்டது.

செய்யாதவை: அம்சாவுக்குப் போன். கையில் எடுத்து எடுத்து வைத்தேன். பயம். வேறு பெயர் எதற்கு.

ஆக. 9, சனி. கு.பாளையம்.

மொரட்டாண்டியில் இறங்கி ஆட்டோ. புழுக்கம். டிரைவர் நான் ஆரோவில் பார்க்க வந்தவள் என்று நினைத்து வழியெல்லாம் கடை காட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் ஏழுமலையின் கார், மேலே தார்ப்பாய். அம்சா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "சேதி இன்னா வந்துச்சு?"

சேதி வரவில்லை, வந்த சேதியைக் கொண்டுவந்தேன் என்றேன். புரியவில்லை அவளுக்கு. போனில் முதல் பதிவைப் போட்டேன். குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது. "எம்மா வேகமா பேசுறாரு பாரு."

ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. ஒன்பதாவது முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத்த எப்ப சொன்னாரு?"

"ஜூன் எட்டு."

"ரெண்டு மாசம்." விரலில் எண்ணிப் பார்த்துத்தான் சொன்னாள். "அப்பவே உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சி?"

"மார்க் போட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. தார்ப்பாய் விலகிய இடத்தை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட பேசுனா அந்தாளுக்குப் புரியும். அதான் அவனுக்குப் புரியாத பாஷையில உங்ககிட்ட சொல்லிக்கினு இருந்துகீறாரு. மேடம் பாத்துக்குவாங்கன்னு."

இது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளாக என் குற்றத்தையே புரட்டிக்கொண்டிருந்தேன், அவர் கணக்கு என்ன என்று யோசிக்கவில்லை. அழுகை வந்தது. அவள் எதிரில் அழ எனக்கு என்ன யோக்கியதை.

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை அவள். கிளம்பும்போது, "திங்கக்கெழம கலெக்டர் ஆபீசு வர்றீங்க. அவரு சொன்னதெல்லாம் நீங்கதான் தமிழ்ல எழுதித் தரணும். தேதியோட."

வர்றேன் என்றேன்.

ஆக. 11, திங்கள். வி.புரம்.

மனு நாள். எட்டரைக்கே வரிசை. பட்டா, முதியோர் பென்ஷன், வழித்தகராறு. ஒரு ஆள், மண்ணெண்ணெய் என்று கேனைப் பிடுங்கிக்கொண்ட போலீசிடம், "சார், அது குடிக்கிற தண்ணி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை பதினொன்றரைக்கு. மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், அவசரப்படாமல் முழுதும் படித்தார்.

"எந்த நாட்டுல இருக்காரும்மா?"

"இந்தோனேசியால எறங்குனாரு. அப்புறம் படகுல கொண்டு போயிருக்காங்க. அது எங்கன்னு தெரியல" என்றேன்.

"நாடு தெரியாம எந்தத் தூதரகத்துக்கு எழுதுறது? ஊரு பேராவது? கட்டடம், தெரு, எதாவது? இது காலியா இருந்தா ஃபைல் நவுராதும்மா." அப்புறம் தாளைத் திருப்பினார். "ஓரத்துல இது இன்னா நம்பரு? எட்டு, எட்டரை, மூணு?"

மதிப்பெண் தாளின் மேலேயே மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஓரத்து மதிப்பெண் கட்டத்தை நீக்க மறந்துவிட்டேன்.

அம்சா சொன்னாள்: "மார்க்கு சார். அவுரு நல்லா பேசுனாருன்னு போட்டது."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். இடம் தெரிந்தால் உடனே வந்து சொல்லச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு வந்தோம். வளவனூர் வழி பாண்டி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப் போனவள் படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பாடம்னு கேட்டா அந்தாளு தடுக்க மாட்டான் இல்ல? நீங்க கேளுங்க. எந்த ஊர்ல கீறாருன்னு பாடமா கேளுங்க. உங்களுக்குன்னா சொல்லுவாரு." பஸ் ஹாரன் அடித்தது. "குரல் நடுங்காம கேளுங்க. எப்பவும் பேசுற மாதிரி."

ஆக. 12, செவ்வாய். தி.வனம்.

விடியற்காலை மழை. கொடியில் துணி நனைந்துவிட்டது.

பாடம் 15. தலைப்பு: நான் இருக்கும் இடம்.

கேள்விகள்:
உங்கள் ஊரின் பெயர் என்ன?
அருகில் கடலா, ஆறா?
ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது?
கடைப் பலகைகளில் எந்த எழுத்து?
சுற்றுலாப் பயணிக்கு அங்கே வர வழி சொல்லுங்கள்.

நாலு தடவை பதிவு செய்தேன். மூன்றில் குரல் கெட்டுவிட்டது. நாலாவதில் சரியாக வந்தது, அந்தப் பழைய கறார்க் குரல். வழக்கம்போல் முடித்தேன்: இரண்டு நிமிடம், தலைப்பை விட்டு விலகக் கூடாது, தமிழ் கலக்கக் கூடாது.

9.10க்கு அனுப்பினேன். ஒரு டிக்.

கல்லூரி. முதல் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று தெரியாது. 11.40. ஒரு டிக். நெறி. போன், எடுக்கவில்லை. 1.15. ஒரு டிக்.

1.20 அம்சா. விடுதியிலிருந்து, பின்னால் துவைக்கிற மெஷின் சத்தம்.

"வந்துச்சா மேடம்?"

"இல்லம்மா. ஒரு டிக்தான் இருக்கு."

"அப்டீன்னா?"

"அவரு போனுக்கு இன்னும் போய்ச் சேரல."



"சரி வைங்க. நாம பேசிக்கினு இருந்தா லைன் அடைச்சிக்கும். அவுரு கூப்புட்டா கெடைக்கணும்."