குவாரிப் பள்ளத்தில் குதித்த என் சித்தப்பாவுக்காக

அனுப்புநர்:
பா. தமிழ்வாணி,
பதினோராம் வகுப்பு மாணவி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மதுரை.

பொருள்: என் சித்தப்பா சிவபாண்டி மீதான திருட்டு வழக்கு – அவர் காப்பாற்றிய காவலாளியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நூலகப் பேச்சுப் போட்டிக்காக டிர்க் வில்லெம்ஸ் என்ற நெதர்லாந்துக்காரரைப் பற்றிப் படித்தேன். விவரம் தெரிந்த வயதில், தானே விரும்பிப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்று நம்பிய அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர் அவர். அப்படியே மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார். தம் வீட்டில் மற்றவர்களும் பெற இடம் கொடுத்தார். அன்று அது மரண தண்டனைக்குரிய குற்றம். சிறையிலிருந்து துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். உறைந்த குளத்தின் மேல் ஓடி அக்கரை சேர்ந்துவிட்டார். துரத்தி வந்தவரோ பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தார். டிர்க் திரும்பி வந்து அவரைத் தூக்கிவிட்டார். பிழைத்தவர் அவரை விட்டுவிட நினைத்தார். காவல் பணிக்காக நீ செய்த சத்தியத்தை எண்ணிப் பார் என்று நகரத் தலைவர் அதட்டினார். டிர்க்கைப் பிடித்து, 1569 மே 16 அன்று உயிரோடு எரித்தார்கள். காற்று தீயை விலக்கிக்கொண்டே இருந்ததால் உயிர் போக நெடுநேரம் ஆனதாம்.

2. வீட்டில் இதைப் பேசிப் பழகியபோது சித்தப்பா சிரித்தார். "கரையேறுனவன் எதுக்குத்தா திரும்புனான்? வெவரங்கெட்ட மனுசனா இருக்கானே!" என்றார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

3. கடந்த 9.11.2025 ஞாயிறு காலை, மூடிக் கிடக்கும் கிரானைட் குவாரியில் ஜிலேபி மீன் பிடிக்கச் சித்தப்பா போனார். அனுமதியில்லாத இடம், அது தவறுதான். கேபிள் திருட வந்தவர் என்று நினைத்துக் காவலாளி கண்ணுச்சாமி துரத்தினார். சித்தப்பா வேலியைத் தாண்டிவிட்டார். கண்ணுச்சாமி வழுக்கிப் பள்ளத்து நீரில் விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அங்கே படி கிடையாது, அறுத்த பாறைதான். சித்தப்பா திரும்பி ஓடிவந்து குதித்து, அவரைப் பாறை விளிம்பில் ஏற்றினார். மூச்சு வாங்க நின்ற சித்தப்பாவை, அப்போது வந்த சூப்பர்வைசர் பிடித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்.

4. முதல் தகவல் அறிக்கையில் கேபிள் திருட்டு என்று இருக்கிறது. நீரில் விழுந்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

5. கிளைச் சிறையில் சித்தப்பாவைப் பார்த்து, ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டேன். "யோசிக்க எங்கத்தா நேரம்? அந்தாளு முங்கிக்கிட்டுல்ல இருந்தாரு" என்றார்.

6. கண்ணுச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதார். "தங்கச்சி, ஒங்க கொழுந்தன் வரலைன்னா நான் இன்னிக்கு இல்ல. வெளிய சொன்னா வேலை கெடையாதுங்கிறாரு சூப்பர்வைசரு. ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்" என்றார்.

வரும் வியாழக்கிழமை ஜாமீன் விசாரணை. அதற்குள் கண்ணுச்சாமியைத் தங்கள் அலுவலகத்துக்கே அழைத்து, சூப்பர்வைசர் உடன் இல்லாமல் விசாரிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அத்துமீறி நுழைந்ததற்கான தண்டனையைச் சித்தப்பா ஏற்றுக்கொள்வார். செய்யாத திருட்டுக்கு அவர் சிறையில் இருக்க வேண்டாம்.

இந்த மனுவில் பெயரை எழுதலாமா என்று கண்ணுச்சாமியிடம் கேட்டேன். "எழுதுத்தா" என்றார்.

இடம்: மேலூர்
நாள்: 17.11.2025

தங்கள் உண்மையுள்ள,
பா. தமிழ்வாணி