ஓவர்ஃப்ளோ பைப்

செவ்வாய்க்கிழமை.

என்னைக் கேட்காமல் மகன் மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி மாட்டிவிட்டான். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றுவிடுகிறது. தினமும் காலையில் தொட்டி வழியும்போது, ஓவர்ஃப்ளோ பைப்பின் கீழே நின்று, தலையில் தண்ணீர் தடதடவென்று கொட்டக் குளிப்பதுதான் எனக்கு இருந்த ஒரே சுகம். அந்தத் தண்ணீரும் வாழைக்குத்தான் போனது, வீணாகவில்லை. இன்று துண்டோடு நின்று காத்திருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன் அவன். சாயங்காலம் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"பாத்ரூம்ல ஷவர் போட்டுக் குட்த்துக்கிறேனே, அதுல குளிச்சா இன்னாப்பா?"

"அது தூறல்டா. மனுசன் குளிக்கிறதுக்கா, செடிக்குத் தெளிக்கிறதுக்கா?"

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமா, நீங்க பாடிக்கினே குளிக்கிறது எதிர் ஊடு வரிக்கும் கேக்குது" என்றாள்.

கேட்கட்டும். நான் இன்று குளிக்கவில்லை.

நாளை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவன் அந்தப் பெட்டியைக் கழற்ற வேண்டும். மருமகள் பாத்ரூமுக்கு மாற்றிவிட்ட என் துண்டைப் பழையபடி பின்பக்கக் கொடியில் போட வேண்டும். மோட்டாரை நான்தான் போடுவேன், நான்தான் நிறுத்துவேன். எதிர்வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.