இறங்கச் சொன்னவள்

வில்யாரோகா, கத்தலோனியா
6 செப்டம்பர் 1998

அன்புள்ள ஃபெர்ரான் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டால், "ஏதோ உயிரோட இருக்கேன்" என்பாய். அதனால் கேட்கவில்லை. நம் மனிதக் கோபுரக் குழு உனக்குப் பதில் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்த அன்று தீவுக்குக் கப்பலேறியவன், அதன்பின் ஒரு வரி எழுதவில்லை. வீம்பில் நம் அப்பாவை மிஞ்சிவிட்டாய்.

சமாதானத்துக்காக எழுதவில்லை. அக்டோபர் திருவிழாவில் எட்டு அடுக்கு ஏற்றப்போகிறோம். ஆள்மேல் ஆளாக அத்தனை பேரைத் தாங்க, அடிக்கூட்டத்தில் உன்னைப் போல் முதுகுள்ளவர்கள் போதவில்லை. நான் தலைமை ஏற்றபின் வரும் முதல் பெரிய கோபுரம் இது. சரிந்தால் குழுவே கலைந்துவிடும். வா அண்ணா.

உன் இடத்துக்கு வந்த தங்கை,
ரெமேய்

மெனோர்கா தீவு
15 செப்டம்பர்

ரெமேய்க்கு,

போன வருஷம் என் கோபுரம் எட்டாம் அடுக்குவரை நின்றது. உச்சியில் உன் மகள் கெரால்ட் கை தூக்கியதை ஊரே பார்த்தது. அப்புறம் இறங்கும்போதுதான் சரிந்தது. ஏற்றி முடித்ததற்கே மதிப்பெண் உண்டு, நடுவர்களும் கொடுத்தார்கள். ஜெயித்தவனைத் தோற்றவன் என்று சொல்லி ஓட்டு வாங்கினாய். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை அஸ்திவாரக் கல்லாகக் கூப்பிடுகிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?

வரமாட்டேன். பிள்ளையின் தோளெலும்பு சரியாகக் கூடிவிட்டதா?

ஃபெர்ரான்

வில்யாரோகா
26 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

எலும்பு கூடிவிட்டது. அது முறிந்த அன்று நீங்களெல்லாம் அந்த மதிப்பெண்ணுக்காக நத்தைக்கறியும் ஒயினுமாக விருந்து வைத்தீர்கள். நான் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்காலி ஆசையில் போட்டியிடவில்லை. ஏறியவர்கள் அத்தனை பேரும் முழுசாகத் தரைக்கு வந்தால்தான் எனக்கு அது ஜெயம்.

நேற்று ஏற்றினோம். கெரால்ட் தானேதான் ஏறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குழல் ஊதத் தொடங்கிவிட்டார்கள்; அதன்பின் பாதியில் இறக்குவது எவ்வளவு அவமானம் என்று உனக்குத் தெரியும். ஆறாவது அடுக்கு நின்றது, அவள் பாதி தூரம் ஏறிவிட்டாள். அப்போது மூன்றாம் அடுக்கில் பியேலின் முழங்கால் நடுங்குவதைப் பார்த்தேன். "இறங்குங்க" என்று கத்தினேன். குழல் நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சதுக்கமே கேலியாகச் சீழ்க்கை அடித்தது. கெரால்ட் என்னோடு பேசமாட்டேன் என்று அழுதாள்.

ரொட்டிக்கடை சிஸ்கு எல்லார் காதிலும் விழும்படி, "உங்க அண்ணன் இருந்திருந்தா முடிச்சிருப்பாரு" என்றான்.

"ஆமா, முடிச்சிருப்பாரு. என் பொண்ணையும் சேர்த்து" என்றேன்.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். நவம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்றுகிறோம். பாதிப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பேரை வீடு வீடாகப் போய் இழுத்து வருவேன். யார் சிரித்தாலும் சரி, பியேலின் கால் மறுபடி நடுங்கினால் மறுபடி இறக்குவேன்.

ரெமேய்

மெனோர்கா தீவு
2 நவம்பர்

அன்புத் தங்கச்சி ரெமேய்க்கு,

சிஸ்குவிடம் நீ சொன்னதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். பொய் என்றும் சொல்லமாட்டேன். குழல் ஊதத் தொடங்கியபிறகு "இறங்குங்க" என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். யாரும் துறைமுகத்துக்கு வந்து கூத்தடிக்க வேண்டாம். பியேல் நிற்கும் பக்கம் என்னை அடியில் போடு. கெரால்டிடம் மாமன் வருகிறான் என்று மட்டும் சொல்.

அடியில் நிற்பவன் தனக்கு முன்னால் இருப்பவன் தோளில் தாடையை அழுத்திக் குனிந்திருப்பான். மேலே ஒன்றும் தெரியாது, தலைவரின் குரல் மட்டுந்தான் கேட்கும். உன் குரலுக்கு நிற்பேன். ஏறச் சொன்னால் தாங்குவேன், இறங்கச் சொன்னாலும் தாங்குவேன். எதைச் சொல்வதானாலும், சொல்வதற்கு முன் என் பக்கம் திரும்பிப் பார்க்காதே.

உன் அண்ணன்,
ஃபெர்ரான்