மாமாவின் சட்டைத் துணி

அப்பாவுக்கு வேட் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? ஐடஹோவில் நான் நலம்.

போன நவம்பரில் உங்கள் குறி தவறி மான் தப்பியதும், குறி தவறியவரின் சட்டையை வெட்டும் வேட்டைக்காரர் வழக்கப்படி வெர்ன் மாமா உங்கள் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி வேட்டைக்குடில் சுவரில் ஆணியடித்தார். “மச்சான், உன் செமி ஆட்டோமேட்டிக் மானைத் தவிர எல்லாத்தையும் சுடுது” என்றார். நான் மறக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய அந்தத் துப்பாக்கியைப் பத்து நாள் சோதித்தேன். முதல் குண்டுக்குப் பிறகு தானாக ஏறும் குண்டுகள் இலக்கின் நடுவில் விழுகின்றன. கையால் ஏற்றும் முதல் குண்டு மட்டும் ஆறு அங்குலம் மேலே போகிறது, ஆனால் தினமும் அதே இடத்துக்கு. துப்பாக்கியில் பிழையில்லை. முதல் குண்டே நடுவில் விழும்படி குறிநோக்கியைத் திருத்தி, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

மாமாவை எல்லோர் முன்னாலும் ஆளுக்கு ஒரே குண்டு சுட அழையுங்கள். அம்மாவின் கத்தரிக்கோலைக் கொண்டுபோங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. வெட்டிய துணியை எனக்கு அனுப்புங்கள். என் அறைச் சுவரில் ஒன்றுமே இல்லை.

வேட்