உண்மையில் எத்தனை சாக்லேட்?

ஜூலை 5, சனி

அடையாற்றில் இந்தி வகுப்பு முடிந்ததும், எமது தங்கை மகள், ஆறு வயது இளவரசி, முன்பல் இரண்டை இழந்த வீராங்கனை பூஜாவை ஸ்கூட்டர் ரதத்தில் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்கு எழுந்தருளினோம். அங்கே ஒரு லாரி நிறைய கடலை சாக்லேட்டைக் கபளீகரம் செய்தோம். வங்காள விரிகுடா வாயைப் பிளந்து பார்த்தது.

தி.நகரில் இருபத்தாறு வருடமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறேன். எத்தனையோ புடவைக்கு ரவிக்கைத் துணி ஜோடி சேர்த்தவன். ஆனால் வெளியே சாக்லேட், உள்ளே அரைத்த வேர்க்கடலை என்று இந்த ஜோடியைச் சேர்த்தவன் எவனோ, அவனுக்கு என் கல்லாவிலேயே இடம் கொடுப்பேன். தித்திப்பு திகட்டப் போகிற நேரம் பார்த்து உப்பு வந்து நிற்கிறது. உப்பு உறைப்பதற்குள் மறுபடி தித்திப்பு. தட்டில் ஒரு கடலை விழுந்தாலும் பொறுக்கி ஓரம் வைக்கிற பூஜா, இதை மட்டும் காகிதத்தோடு நக்குகிறாள்!

கடை வாடிக்கையாளர், திருவல்லிக்கேணி தபஸ்ஸும் அம்மா. அவர் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது எனக்கும் ஒரு பை வரும். மே மாதம் முதல் ஒவ்வொரு சனியும் இந்த ரகசிய விருந்து. தங்கை ஸ்வர்ணலதாவுக்குத் தெரியாது. “சாக்லேட்டுன்னு ஒண்ணு உள்ள வந்துச்சு, அண்ணன்னுகூடப் பார்க்க மாட்டேன்” என்று பல் டாக்டர் வாசலில் சூளுரைத்தவள் அவள்.

ஜூலை 12, சனி

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

வழக்கம்போல் சாப்பிட்டோம். கொட்டிவாக்கத்தில் பூஜாவை வீட்டில் விட்டுவிட்டுத் திருவான்மியூர் வருவதற்குள் போன். உடம்பெல்லாம் தடிப்பு. திரும்பி ஓடினேன். கண் இமை வீங்கி, பிள்ளை வேறு யாரோ மாதிரி இருந்தாள். நல்லவேளை, மூச்சுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்ததும் இறங்கிவிட்டது.

“என்ன வாங்கிக் குடுத்தீங்க?” என்றாள் லதா.

“கடலை சாக்லேட்டு. இன்னிக்குத்தான் முதல் தடவை.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 14, திங்கள்

டாக்டர் ஷீலா கேட்டார்: “இதுக்கு முன்னாடி பாப்பா கடலை சாப்பிட்டிருக்காளா?”

“தொடவே மாட்டா டாக்டர். சட்னியில அரைச்சாக்கூடக் கண்டுபிடிச்சிருவா” என்றாள் லதா.

“முதல் தடவையே இப்படின்னா கடலை அலர்ஜியா இருக்கலாம். டெஸ்ட் முடியற வரைக்கும் கடலை பக்கமே போகக் கூடாது.” உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டுமாம். அவசர ஊசி எப்போதும் கூடவே.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பத்து வாரம் சாப்பிட்டவள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வாயைத் திறக்கவில்லை. லதாவுக்குப் பயந்து. ஐம்பத்து மூன்று வயதில்.

ஜூலை 15, செவ்வாய்

லதா வீட்டிலிருந்து கடலை மிட்டாய், கடலை எண்ணெய், வேர்க்கடலை டப்பா எல்லாம் வெளியேற்றம். நானும்.

ஜூலை 17, வியாழன்

தங்கையின் கணவர் சக்திவேல் கடைக்கு வந்தார். “மச்சான், ஸ்கூல்ல டிபன் நேரத்துல பூஜாவைத் தனியா உட்கார வெச்சுட்டாங்க. யாராவது கடலை கொண்டாந்துட்டா வம்புன்னு.”

தனியாகவா? அந்த வாயாடியையா?

கல்லாவைப் பூட்டிவிட்டு அவரோடே கொட்டிவாக்கம் போனேன். போட்டு உடைத்தேன். “லதா, மே மாசத்துலேருந்து பத்து சனிக்கிழமை குடுத்திருக்கேன். ஒரு தடவைகூட அவளுக்கு ஒண்ணும் ஆகலை.”

“நீங்க சொல்றதுல எதைத்தான் நம்புறது? தீபாவளிக்குக் கடைக்கு ஒரு லட்சம் பேர் வந்தாங்கன்னீங்க. உங்க கடையில நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆளு ரோட்டுல நிக்கணும்.”

ஆதாரம் இருக்கிறது என்று இந்த நோட்டை நீட்டினேன். வாங்கி உரக்கப் படித்தாள். “மே பதினேழு, நாற்பது சாக்லேட். ஜூன் ஏழு, ஒரு மூட்டை. ஜூலை அஞ்சு, லாரி நிறைய. இதைக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டவா அண்ணே?”

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து பூஜா வந்தாள். “ஒரே ஒரு சாக்லேட்தாம்மா. எப்பவும் பாதி எனக்கு, பாதி மாமாவுக்கு. பெரிய பாதி மாமாவுக்கு.”

சாட்சியம் ஏற்கப்பட்டது. எமது மானம் கப்பலேறியது. லதா மட்டும் சிரிக்கவில்லை. “டாக்டர் கேட்டப்போ வாயில என்ன வெச்சிருந்தீங்க?”

நோட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

நானே டாக்டருக்குப் போன் செய்தேன். முதலில் திட்டு. பிறகு, “இது நல்ல சேதிதான். ஆனாலும் டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்.”

ஜூலை 24, வியாழன்

கையில் கடலைச் சாற்றைச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். தடிக்கவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலேயே கடலையைச் சாப்பிட வைத்துப் பார்ப்பார்களாம். லதா என்னிடம் பேசுவதில்லை.

ஜூலை 31, வியாழன்

காலை ஒன்பது மணி. அரைத்த கடலை, ஸ்பூன் நுனியில் துளி. கொஞ்ச நேரம் பார்த்து, இன்னும் கொஞ்சம். அப்படியே ஏற்றிக்கொண்டு போவார்கள். இரண்டாவது ஸ்பூனிலேயே பூஜா வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னா பாப்பா, தம்மாத்தூண்டுதான் கீது, துன்னுடு கண்ணு” என்று நர்ஸ் தாயம்மா கெஞ்சினார்.

“வெறும் கடலை வேணாம். சாக்லேட் போட்டுக் குடுங்க.”

டாக்டர் யோசித்தார். “சாக்லேட்டும் பத்து வாரம் சாப்பிட்டவதானே? சும்மா சாக்லேட் பவுடர்னா பரவாயில்ல. கடலை, பருப்பு எதுவும் கலந்திருக்கக் கூடாது.”

லிஃப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடி இறங்கி, எதிர்க்கடையில் டப்பாவை வாங்கி, பின்னால் அச்சடித்த பொடி எழுத்தை இரண்டு முறை படித்து, மூன்று மாடி ஏறினேன். டாக்டரும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். கலந்து கொடுத்ததும் மிச்ச ஸ்பூன் எல்லாம் உள்ளே போயின. ஒவ்வொன்றுக்கும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசி ஸ்பூன் முடிந்து இரண்டு மணி நேரம். தோலில் ஒரு பொட்டுகூட இல்லை.

“கடலை அலர்ஜி இல்ல” என்றார் டாக்டர். “அன்னிக்கு ஏதாவது வைரஸா இருந்திருக்கும். பிள்ளைங்களுக்கு அப்படித் தடிக்கும். பல நேரம் காரணமே தெரியாது. இனி சட்னியும் சாப்பிடலாம்.”

“சட்னி வேணாம்” என்றாள் நோயாளி.

லதா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, காலையிலேருந்து நிக்கிறீங்க. காபி குடிச்சீங்களா?”

குடித்தேன். சர்க்கரை போட்டார்களா என்று தெரியவில்லை. அப்படி இனித்தது.

ஆகஸ்ட் 2, சனி

லதா போன் செய்து, மிச்சம் இருக்கிற சாக்லேட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். பறிமுதல் என்று நினைத்துப் போனேன்.

“அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கிறேன்.”

பூஜா: ஒன்று. மாப்பிள்ளை: ஒன்று. நான்: பாதி, சின்னப் பாதி.

ஸ்வர்ணலதா: ஐந்து. காகிதத்தை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.